எறும்பு வராத அலமாரி

காலையில் வந்ததும் ஒன்றுமில்லாததைச் சோதித்துப் பார்க்கும் ஒருவரோடு நான் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், டத்தோ கெராமாட் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், கீழே டயர் கடை, மேலே எங்கள் லேப். சாப்பாட்டுச் சாமான்களில் என்ன இருக்கிறது, என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் இடம். நான் முன்பக்கக் கவுண்டரில். சாம்பிளை வாங்குவது, ரிப்போர்ட்டைக் கொடுப்பது, இரண்டுக்கும் நடுவில் திட்டு வாங்குவது, இந்த மூன்றும் என் வேலை. அவர் பின்னால் குளிரூட்டிய அறையில். சர்க்கரை வகைகளைப் பிரித்து அளக்கிற கெமிஸ்ட். நான் அவரை அக்கா என்பேன், வருகிறவர்கள் மிஸ் என்பார்கள். பெயரை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "என்ர பேர் ரிப்போர்ட்டுக்குக் கீழ இருந்தாப் போதும்" என்பார்.

அவர் அறையில் இருந்த இயந்திரத்தின் பெயர் ஐயன் குரோமட்டோகிராபி. பெயர்தான் வாயில் நுழையாது, செய்யும் வேலை லேசாகப் புரியும். மெல்லிய குழாய்க்குள் காரம் கலந்த தண்ணீர் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதில் துளித் தேனையோ பழச்சாற்றையோ விட்டால், அதிலுள்ள சர்க்கரைகள் ஓட்டத்தில் பிரிந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். ஒவ்வொன்றும் திரையில் ஒரு குன்றாக எழும்பும். எந்தக் குன்று, எவ்வளவு பெரிசு என்று பார்த்தால் எந்தச் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்த ஓடுகிற தண்ணீருக்கு இலுவன்ட் என்று பெயர். அக்காவுக்கு அதுதான் குலதெய்வம்.

யாருடைய சாம்பிளையும் தொடுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரை விட்டு ஓட்டுவார். திரையில் கோடு நேராகப் போகும், மேடும் இருக்காது, பள்ளமும் இருக்காது. அதை உட்கார்ந்து கடைசிவரை பார்ப்பார்.

"என்னக்கா, ஒன்னுமே இல்லாத படத்த இப்படிப் பாக்குறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"என்னில அழுக்கு இருக்கோ எண்டு பாக்கிறன். பிறகுதானே மற்றவையின்ரயப் பாக்கலாம்."

அவருடைய முன்னோர் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே ஆபீஸ் வேலைக்கு வந்தவர்கள். வீட்டில் பேச்செல்லாம் ஆங்கிலம்தான். தமிழில் பேச வந்தால் மட்டும் அந்த ஊர்த் தமிழ் அப்படியே வரும். நான் கடலுக்கு அந்தக் கரையில், பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள், என் பேச்சு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு டயர் கடைப் பையன்கள் சிரிப்பார்கள்.

காற்று பட்டால் இலுவன்ட் கெட்டுவிடும். நாம் விடுகிற மூச்சிலுள்ள கரியமில வாயு அதில் கரைந்தால், குன்றுகள் நேரத்துக்கு முன்னாலேயே வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதனால் புட்டிக்குள் நைட்ரஜனை நிரப்பி இறுக்கி மூடி வைத்திருப்பார். கண்ணாடிப் புட்டி ஆகாது, காரம் கண்ணாடியைத் தின்னும், பிளாஸ்டிக் புட்டிதான். புட்டி மாற்றும் நேரத்தில் நான் உள்ளே இருந்துவிட்டால் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைப்பார். பேசாதே என்பதற்கு அல்ல, மூச்சு விடாதே என்பதற்கு. நானும் கிறுக்கச்சி மாதிரி கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பேன்.

"நான் விடுற மூச்சுலதான் பினாங்கு காத்தே கெட்டுப்போச்சா?" என்று கேட்டதற்கு, "உன்ர மூச்சில்ல பிள்ளை. புட்டிக்குக் கிட்ட நிக்கிறது நான்தானே. உன்னைப் பாத்தாத்தான் எனக்கு மூச்சப் பிடிக்க ஞாபகம் வருது" என்றார்.

இதுதான் அவர். எங்கே கோளாறு என்றாலும் தேடலைத் தன்னிடமிருந்தே தொடங்குவார். அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அடக்கமானவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் "என் தப்புதான்" என்று வாயால் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவர் உண்மையாகவே தேடுவார். தன்னிடம் பிழை இல்லை என்று உறுதியான பிறகுதான் அடுத்தவர் பக்கம் திரும்புவார், அப்போது அவரிடமிருந்து யாரும் தப்ப முடியாது.

ஒரு மத்தியானம் நாசி கண்டார் சோற்றுக்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மீன் கறியில் உப்பு அள்ளிப் போட்டிருந்தான். நான் கடைக்காரரைக் கூப்பிடக் கையைத் தூக்கிவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து இறக்கினார். தண்ணீர் குடித்தார், வெறும் சோற்றை ஒரு வாய் மென்றார், மறுபடி தண்ணீர் குடித்தார், அப்புறம் கறியைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"வரேக்குள்ள நான் உப்புப் போட்ட கொய்யாக்காய் திண்டனான்" என்றார்.

"நான் திங்கலியே."

"அப்ப நீ கூப்பிடு."

கூப்பிட்டேன். கடைக்காரர் கறியை எடுத்துக்கொண்டு வேறு கொடுத்தார். இப்படி ஒரு மனுஷியோடு தினமும் சாப்பிட்டால் வயிறு நிறையுமா என்று கேட்காதீர்கள், ஆறிப்போன சோறுதான்.

ஆயுத பூஜைக்கும் இதே கதை. எங்கள் மேனேஜர் பாலா பக்திமான். இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி போட்டு, கற்பூரம் காட்ட வேண்டும் என்பார். அக்கா தன் அறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். "புகை உள்ள போனா மெசின் பொய் சொல்லும். பொய் சொன்னா சாமிக்குத்தானே கூடாது" என்றார். கடைசியில் கதவுக்கு வெளியே பொட்டு வைத்தோம். கொசு மருந்து, வாசனை ஸ்ப்ரே, பூச்சி ஸ்ப்ரே எதுவும் அந்த அறைக்குள் போகக்கூடாது. போகவும் இல்லை. ஆனால் சர்க்கரை இருக்கிற இடத்தில் எறும்பு வராமல் இருக்குமா? அதற்கு ஏதோ வழி செய்துகொண்டார், நாங்களும் கேட்கவில்லை.

இனி குணா அண்ணன் கதைக்கு வருகிறேன். அவர் பட்டர்வொர்த்துக்குத் தெற்கே உள்ள நிபோங் திபால்காரர். எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்து லாரி ஓட்டுகிறவர். அங்கே ஒரு தென்னந்தோப்பில் தேனீப் பெட்டிகள் வைத்து, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேன் விற்பார். ஜார்ஜ் டவுன் கடை ஒன்று அவர் தேனை வாங்க ஒப்புக்கொண்டு, லேப் ரிப்போர்ட் கேட்டது. எங்களிடம் கொண்டுவந்தார். கரும்புச் சீனி அனுமதித்த அளவைத் தாண்டியிருக்கிறது என்று ரிப்போர்ட் போனது. கீழே கையெழுத்து அக்காவுடையது. கடைக்காரன் வேண்டாம் என்றுவிட்டான். கடை வேன் ஓட்டுகிறவன் நிபோங் திபால் ஆள். சேதி சந்தைக்கு வந்துவிட்டது. சந்தையில் மாணிக்கம் என்று ஒரு பழைய லாரி டிரைவர் இருந்தார், ஊரில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவர். அவர் குணா அண்ணனுக்கு 'சீனித்தண்ணி' என்று வைத்தார். அது ஒட்டிக்கொண்டது.

ஒரு வாரம் கழித்துக் குணா அண்ணன் என் கவுண்டருக்கு வந்தார். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், ரிப்போர்ட்டைக் கிழித்து என் முகத்தில் எறிந்தவர்கள் உண்டு. இவர் சத்தம் போடவில்லை. ஒரு போத்தல் தேனை மேசையில் வைத்தார், உள்ளே அடைத் துண்டு மிதந்தது.

"தங்கச்சி, இத மறுபடி பாக்கச் சொல்லும்மா. வேணும்னா தோப்புக்கு வாங்க, பெட்டியத் தொறந்தே காட்டுறேன். ஊரு பேசுனா பேசிட்டுப் போவுது. நேத்து என் பொஞ்சாதி கேட்டுட்டா, நெசமாவே கலந்தியான்னு."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே கதவருகில் அக்கா நின்றிருந்தார். வெளியே வந்து போத்தலை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்றைக்கே ஓட்டினார். முதல் தடவை என்ன வந்ததோ அதே வந்தது.

பாலா, "ரெண்டு தடவையும் ஒரே மாதிரி வருது. அப்ப தேன்லதான் கோளாறு. முடிச்சுடுங்க" என்றார்.

"ஒரே பிழைய ரெண்டு தரம் செய்தாலும் ஒரே மாதிரித்தான் வரும்" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமைவரைதான் நேரம் என்று பாலா கெடு வைத்தார். அதற்குள் ஒன்றும் கிடைக்காவிட்டால் இரண்டாவது ரிப்போர்ட்டும் முதலாவது மாதிரியே போகும். குணா அண்ணன் பொஞ்சாதிக்கும் அதுதான் பதில்.

அக்கா என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். தேனில் அதிகம் இருப்பது பழச்சர்க்கரையும் குளுக்கோஸும். அந்தப் பழச்சர்க்கரைக் குன்று ஒரு பக்கம் செங்குத்தாக ஏறி, மறுபக்கம் சரியாக இறங்காமல் வாலை இழுத்துக்கொண்டு கிடந்தது. அடுத்து வருகிற கரும்புச் சீனியின் சின்னக் குன்று அந்த வாலின்மேல் ஏறி நின்றது. மேடை போட்டு நின்றால் குள்ளனும் உயரமாகத்தானே தெரிவான்.

"இலுவன்ட்ல போரேட் எண்ட அழுக்குக் கிடந்தா பழச்சர்க்கரையப் பிடிச்சு இழுக்கும். வால் அதாலதான்."

"காலையில ஒன்னுமில்லாம ஓட்டுறீங்களே, அதுல தெரியலியா?"

"தெரியாது. இழுக்க ஆள் வந்தாத்தான் போரேட் தன்ர வேலையக் காட்டும். சும்மா ஓடினா சத்தமில்லாமக் கிடக்கும்." பழைய படம் ஒன்றைத் திரையில் திறந்தார். "அளவு பாக்க நாங்க ஓட்டுற சர்க்கரையில பழச்சர்க்கரை கொஞ்சம்தான், வாலும் சின்னன். கண்டனான். இது ஒண்டும் செய்யாது எண்டு விட்டனான்."

தினமும் காலையில் தன்னைச் சோதித்துக்கொண்ட அந்த நேர்கோடே அவரை ஏமாற்றியிருக்கிறது. அவர் முகம் அன்று எப்படி இருந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியும்.

பிறகு தேடல் தொடங்கியது. தண்ணீர் சுத்தம் செய்யும் கருவியின் மீட்டர் எல்லாம் சரி என்றது. மீட்டரை நம்பாமல் அதன் வடிகட்டியை மாற்றினார். புதுக் காரம், புதுப் புட்டி. போரேட்டைப் பிடித்துவைக்க இயந்திரத்தில் ஒரு சின்னக் குழாய் உண்டு, அதையும் புதிதாகப் போட்டார். போட்டதும் குன்று நிமிர்ந்தது. நாங்கள் கை தட்டினோம். மறுநாள் புட்டி மாற்றினார், சாயங்காலமே வால் திரும்ப வந்துவிட்டது.

"குழாய் நிறைஞ்சு போச்சு" என்றார். "எங்கயோயிருந்து வந்துகொண்டே இருக்கு."

வெள்ளிக்கிழமை வந்தது. நான் கவுண்டரைத் துடைக்கப் போனபோது குணா அண்ணனின் போத்தல் இருந்த இடத்தில் ஒரு பொட்டுத் தேன் காய்ந்து கிடந்தது. அதைச் சுற்றி எறும்பு, மேசைக் காலிலிருந்து சுவர்வரைக்கும் வரிசை. எரிச்சலில் கத்தினேன்.

"இங்க ஒரு சொட்டுக்கு ஊர்வலமே வருது. உங்க ரூமுல கிலோக் கணக்குல சீனி கெடக்கு, அந்த அலமாரிப் பக்கம் ஒரு எறும்பக் காணோம். எறும்புக்குக்கூட உங்களக் கண்டா பயம்க்கா."

காப்பிக் கோப்பையோடு வந்துகொண்டிருந்த அக்கா அப்படியே நின்றார். கோப்பையை என் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே நானும் போனேன்.

குளிர்சாதனத்துக்கு நேர் கீழே இருந்த அலமாரி அது. பின்ஓரம் நெடுக மெல்லிய வெள்ளைத் தூள். எறும்பு மருந்து, போரிக் அமிலம். காரத் தண்ணீரில் கரைந்தால் அதுதான் போரேட். புட்டி மாற்றும்போதெல்லாம் உறிஞ்சு குழாயின் முனையையும் மூடியையும் அந்தத் தட்டில்தான் வைப்பார். குளிர்சாதனக் காற்று அந்தத் தூளைத் தட்டு முழுக்கப் பரப்பியிருந்தது. ஒவ்வொரு புதுப் புட்டிக்குள்ளும் அது குழாய் முனையோடு போயிருக்கிறது.

"யாருக்கா இதப் போட்டது?"

"நான்தான். ஸ்ப்ரே அடிச்சா காத்துக் கெடும் எண்டு உங்களத் தடுத்துப்போட்டு, தீபாவளிக்குப் பிறகு இதக் கொண்டுவந்து போட்டனான்." தூளை ஒரு விரலால் தொட்டு, விரல் நுனியைப் பார்த்தார். "மூச்சையும் பிடிச்சுக்கொண்டு, இதுக்கு மேலதான் குழாய வைச்சிருக்கிறன்."

நானாக இருந்தால் ஈரத்துணியால் ஒரே துடைப்பு, கதை முடிந்தது. யாருக்குத் தெரியும்? அவர் பாலாவைக் கூப்பிட்டு வந்து காட்டிய பிறகுதான் துணியை எடுத்தார்.

எல்லாவற்றையும் கழுவி, புது இலுவன்ட் ஊற்றி, குணா அண்ணன் தேனை விட்டார். பழச்சர்க்கரைக் குன்று ஏறியது, ஏறிய வேகத்தில் இறங்கியது, கோட்டைத் தொட்டது. பிறகு கொஞ்சம் தள்ளி, கரும்புச் சீனி ஒரு சின்ன மேடாக வந்து போனது, அனுமதித்த அளவுக்கு எவ்வளவோ கீழே. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு மனுஷன் பொய் சொல்லவில்லை என்பதை ஒரு கோடு இறங்கி வந்து சொல்வதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

தீபாவளிக்குப் பிறகு வந்த தேன் சாம்பிள்கள் மிச்சம் இருந்ததையெல்லாம் எடுத்து மறுபடி ஓட்டினார். வேறு எவர் ரிப்போர்ட்டும் மாறவில்லை, பழியைச் சுமந்தது குணா அண்ணன் ஒருவர்தான்.

பாலா புது ரிப்போர்ட்டுக்கு ஒரு காரணம் யோசித்து வைத்திருந்தார். "தண்ணி மெசின் கோளாறுன்னு போட்டுடலாம். மெசின் என்ன, கோவிச்சுக்கவா போவுது?"

"தண்ணி மெசின் ஒரு பிழையும் செய்யேல்ல" என்றார் அக்கா. "நான் போட்ட தூள் எண்டு எழுதுங்க. வேலைய விட்டுப் போகச் சொன்னா போறன்."

பாலா கோபப்பட்டார், கெஞ்சினார், லேப் பெயர் கெட்டுவிடும் என்றார். கடைசியில் அப்படியேதான் எழுதினார். வேலையை விட்டு யாரும் போகச் சொல்லவில்லை. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். லேப் செபராங் ஜெயாவுக்கு மாறிய பிறகு வந்த கெமிஸ்டுகளுக்கு அவரைத் தெரியாது.

புது ரிப்போர்ட்டை வாங்க வந்த குணா அண்ணன் அதை நின்றபடியே படித்தார். அக்கா எதிரில் நின்று, தான் செய்ததைத் தன் வாயாலும் சொன்னார். அவர் தலையாட்டினார்.

"கடைக்காரன் வாங்கிக்குவான் மிஸ். வீட்டுலயும் காட்டுறேன். ஆனா சந்தையில எவன் இதப் படிக்கப் போறான்? அங்க நான் சீனித்தண்ணிதான்."

அவர் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அக்கா, "சந்தை எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து ரயிலேறி இருவரும் போனோம். நான் போனது வேடிக்கை பார்க்கத்தான். அக்கா முன்பின் தெரியாதவர்களிடம் மணி கேட்கவே கூச்சப்படுகிறவர். கையில் ஒரு குடை, ஆபீஸுக்குப் போடும் அதே சட்டை. குணா அண்ணனின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்தினார். அக்கா உட்காரவில்லை.

மீனும் கீரையும் வாங்க வந்தவர்கள் தேன் மேசையைத் தாண்டிப் போனார்கள். ஒரு பெண்பிள்ளை போத்தலைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவள் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அக்கா அவளிடம் போனார்.

"தங்கச்சி, இந்தத் தேன்ல சீனி எண்டு ரிப்போர்ட் எழுதினது நான்தான். அது பிழை. தேன்ல ஒண்டுமில்ல. என்ர சாமானிலதான் அழுக்கு."

அவள் திகைத்துப் போய் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டாள். அடுத்து இன்னொருவரிடம் அதையே சொன்னார். குரல் நடுங்கியது. வெயில் ஏறியதும் நடுக்கம் போய்விட்டது. சிலர் கேட்டார்கள், சிலர் யாருடா இது பைத்தியம் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு நானும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். கோயில் சந்நிதியில்கூட நான் அப்படி நின்றதில்லை.

சந்தை கலைகிற நேரம். குணா அண்ணன் தாங்க முடியாமல் சொன்னார், "மிஸ், போதும். எல்லாரும் கேட்டுட்டாங்க. வீட்டுக்குப் போங்க."

"அந்தப் பேர் வைச்சவர் வந்தவரோ?"

"மாணிக்கம் அண்ணனா? இன்னிக்கு வரல. அவரு வந்தா வருவாரு, வராட்டி இல்ல."

"அப்ப நிக்கிறன்."

நின்றார். அந்த ஞாயிறு மாணிக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிறு நான் போகவில்லை, அக்கா போயிருந்தார். அன்றும் அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, நானும் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்து வெகு நேரம் கழித்து, கழுத்தில் துண்டோடு, காலைச் சாய்த்துச் சாய்த்து ஒரு பெரியவர் வந்தார். குணா அண்ணன் கண்ணால் காட்டினார்.

அக்கா குடையை மடக்கிக்கொண்டு அவர் முன்னால் போய், அதே வார்த்தைகளைச் சொன்னார். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் மூனு வாரமா இங்க நிக்கிற மிஸ்ஸா?"

"ஓம்."

"எனக்காகவா?"

"ஓம்."

மாணிக்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். மேசைப் பக்கம் திரும்பினார். தேன் போத்தல்களைப் பார்த்தார், குணா அண்ணன் மனைவியைப் பார்த்தார்.

"ஒரு போத்தல் குடு, குணா" என்றார்.

குணா அண்ணன் போத்தலை எடுத்துத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். அவர் மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா என்னிடம், "ரயிலுக்கு நேரமாச்சு பிள்ளை" என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷன் பக்கம் நடக்கத் தொடங்கினார்.